கிரீன் கார்டு வரும்வரை எதில் வேலை செய்வது: எச்-1பியா, இ.ஏ.டி.யா?

கிரீன் கார்டு என்ற நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று, கைரேகையும் கொடுத்தாயிற்று. சில மாதங்களில் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை தபாலில் வந்து சேர்கிறது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கும்போது எச்.ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "உங்களிடம்தான் இ.ஏ.டி. இருக்கிறதே, எச்-1பியை நீட்டிக்கத்தான் வேண்டுமா?" அமெரிக்காவில் வேலை வழியாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. எச்-1பியைப் பிடித்துக்கொண்டிருப்பதா, விட்டுவிட்டு இ.ஏ.டி.க்கு மாறுவதா?

2025 அக்டோபர் வரை இதற்கு "எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை, வசதிபோல் செய்யுங்கள்" என்று ஓரளவு சொல்லிவிட முடிந்தது. அதன்பின் வந்த இரண்டு மாற்றங்கள் கணக்கை மாற்றிவிட்டன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எச்-1பியை நீட்டிக்கக் கம்பெனி தயாராக இருக்கும்வரை அதில் வேலை செய்யுங்கள், இ.ஏ.டி.யை வாங்கி, காலாவதியாகாமல் புதுப்பித்து, கையில் வைத்திருங்கள். ஆனால் இந்த யோசனை பொருந்தாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதுதான் இங்கே முக்கியமான விஷயம்.

எதை வைத்து எடைபோடுவது

ஆறு கேள்விகள். ஒவ்வொருவருக்கும் இவற்றின் கனம் வேறு.

1. புதுப்பிக்கும்போது வேலையில் இடைவெளி விழுமா?
2. ஐ-485 மறுக்கப்பட்டால் மறுநாள் நம் நிலை என்ன?
3. வேலை போனால், அல்லது நாமே மாற நினைத்தால் என்ன ஆகும்?
4. ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப முடியுமா?
5. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் எதில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்?
6. செலவு யார் தலையில்?

எவ்வளவு காலம் காத்திருக்கப்போகிறோம் என்பது இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. வேலைவழி கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீத உச்சவரம்பு. அதனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-2, இ.பி.-3 என்ற வேலைவழிப் பிரிவுகளின் வரிசைகள் பத்தாண்டுக்கு மேல் பின்தங்கிக் கிடக்கின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் பிறந்த தமிழருக்கு இந்த நீண்ட வரிசை இல்லை. இங்கே கணக்கு பிறந்த நாட்டைப் பார்க்கிறது, பாஸ்போர்ட்டை அல்ல. உங்கள் வாழ்க்கைத்துணை அங்கே பிறந்தவராக இருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். இதை விசாரிக்காமலே வருடக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகள் உண்டு என்பதால் இடையில் சொல்லி வைக்கிறேன்.

ஐ-485 போட்டுவிட்டதாலேயே முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். வரிசையில் நாம் இடம்பிடித்த நாள்தான் நம் பிரையாரிட்டி டேட்; மாதாமாதம் வரும் விசா புல்லட்டின் சொல்லும் தேதிக்கு அது முந்தியதாக இருந்தால்தான் நம் முறை வரும். 2022 செப்டம்பரில் இந்திய இ.பி.-2 தேதி 2014 டிசம்பர் 1-இல் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் விசா புல்லட்டினில் அது 2011 அக்டோபர் 8-க்குப் பின்னோக்கிப் போய்விட்டது. அந்த இடைப்பட்ட தேதிக்காரர்கள் விண்ணப்பம் போட்ட நிலையிலேயே நிறுத்தப்பட்டார்கள். 2020 அக்டோபரில் திடீரென்று தேதி முன்னால் பாய்ந்தபோது போட்டவர்களில் பலருக்கும் இதே கதைதான். ஆகவே "ஆறு மாசத்துல கார்டு வந்துரும், எதுக்கு எச்-1பி" என்ற வாதத்தை நம்புமுன் உங்கள் பிரையாரிட்டி டேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி 1: எச்-1பியிலேயே தொடர்வது

*இடைவெளி.* எச்-1பியின் பெரிய பலம் இதுதான். காலாவதிக்கு முன் கம்பெனி நீட்டிப்பு மனு போட்டுவிட்டால், முடிவு வராவிட்டாலும் அதே கம்பெனியில் 240 நாள்வரை வேலை செய்யலாம். அவசரமென்றால் பிரீமியம் பிராசஸிங் உண்டு. 15 வேலைநாளில் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். ஆறு வருட வரம்பும் கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகி, தேதி இன்னும் வராதவர்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்று மூன்று வருடமாக நீட்டிப்பு கிடைக்கும். தேதி வந்துவிட்டு ஐ-485 நிலுவையில் இருந்தால் ஒவ்வொரு வருடமாக.

*மறுப்பு.* ஐ-485 மறுக்கப்பட்டாலும் எச்-1பி தனியாக நிற்கும். வேலை தொடரும், ஸ்டேட்டஸும் (சட்டப்படி இங்கே இருக்கும் தகுதி) தொடரும். மறுபரிசீலனை கேட்கலாம், தகுதி இருந்தால் புதிதாகவே ஐ-485 போடலாம். நல்ல வேலை, சுத்தமான பேப்பர்கள் இருக்கும் எனக்கு ஏன் மறுப்பார்கள் என்று தோன்றும். கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போய், கெடு தாண்டினாலே மறுப்பு வந்துவிடும். வேலை மாறியதைச் சரியாகத் தெரிவிக்காமல் விட்டாலும் வரும்.

*வேலை.* இங்கேதான் எச்-1பி கழுத்தைப் பிடிக்கும். எந்தக் கம்பெனி மனு போட்டதோ அங்கேதான் வேலை, மனுவில் சொன்ன வேலைதான், சொன்ன ஊரில்தான். வார இறுதியில் காசுக்கு ஒரு சின்ன வேலைகூடக் கூடாது. வேலை போனால் எச்-1பி ஸ்டேட்டஸுக்கு அதிகபட்சம் 60 நாள். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) அதற்கு முன்னே முடிந்தால் அதுவரைதான். நல்ல பக்கமும் இருக்கிறது: புதுக் கம்பெனி டிரான்ஸ்பர் மனு போட்ட உடனேயே, ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கே சேர்ந்துவிடலாம்.

*பயணம்.* எச் விசாக்காரர்களுக்கும், கம்பெனிக்குள் இடமாற்றமாகி வரும் எல் விசாக்காரர்களுக்கும் ஒரு தனிச் சலுகை: ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமலே வெளியே போய்வரலாம். மற்றவர்கள் அது இல்லாமல் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும். ஆனால் திரும்பி வரும்போது பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் எச்-1பி ஸ்டாம்ப் (தூதரகம் தரும் விசா) வேண்டும், அதே கம்பெனிக்கே திரும்ப வேண்டும். ஸ்டாம்பிங்தான் இப்போது தலைவலி. 2025 செப்டம்பர் முதல் பெரும்பாலானோருக்கு நேர்காணல் இல்லாத டிராப்பாக்ஸ் வழி அடைபட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 (எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் ஏற்கெனவே கொடுத்திருந்த தேதிகள் பல மாதம் தள்ளிப்போய், விடுப்பில் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

*குடும்பம்.* நீங்கள் எச்-1பியில் இருக்கும்வரை வீட்டாரின் எச்-4 நிற்கும். உங்கள் ஐ-140 ஒப்புதலாகியிருந்தால் துணைக்கு எச்-4 இ.ஏ.டி.யும் கிடைக்கும். அது எச்-4 எதுவரையோ அதுவரை, அதாவது மூன்று வருடம்வரைகூட வரலாம்.

*செலவு.* மனுக் கட்டணம், பயிற்சி நிதிக் கட்டணம், வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான டாலர். பயிற்சி நிதிக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. மற்றவையும் பெரும்பாலும் கம்பெனியின் பொறுப்புதான். எச்.ஆர். ஏன் "இ.ஏ.டி.தான் இருக்கிறதே" என்று ஆரம்பிக்கிறார் என்பதற்கு இதுவே விடை. அவர்களுக்கு மிச்சமாகும் தொகை நமக்கு ஆபத்தாக மாறலாம். சம்பளம் பேசும்போது எச்-1பி நீட்டிப்பையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

வழி 2: எச்-1பியை விட்டு இ.ஏ.டி.யில் மட்டும் வேலை செய்வது

*இடைவெளி.* முன்பு காலாவதிக்கு முன் புதுப்பிக்கப் போட்டுவிட்டால் பழைய அட்டை தானாகவே 540 நாள்வரை நீண்டுவிடும். 2025 அக்டோபர் 30 அன்றும் அதற்குப் பிறகும் போடப்பட்ட புதுப்பிப்புகளுக்கு அது கிடையாது. புது அட்டை கையில் வராமல் பழையது முடிந்தால், அன்றோடு வேலையை நிறுத்த வேண்டும். ஐ-485 அடிப்படையிலான இந்த இ.ஏ.டி.க்குப் பிரீமியம் பிராசஸிங்கும் இல்லை.

இரண்டாவது மாற்றம் அட்டையின் ஆயுள். 2023 செப்டம்பர் முதல் ஐந்து வருடம்வரை தந்துகொண்டிருந்தார்கள். 2025 டிசம்பர் 5 முதல், அன்று நிலுவையில் இருந்த விண்ணப்பங்களுக்கும் சேர்த்து, 18 மாதம்தான். ஆக, இடைவெளிக்கான ஆபத்து முன்பைவிட அடிக்கடி வரும். வரும்போது தாங்கிப் பிடிக்கவும் ஒன்றுமில்லை.

தேதி போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். இரண்டுமே ஆகஸ்ட் 31-இல் முடிகின்றன என்று வையுங்கள். இ.ஏ.டி. புதுப்பிப்பை 180 நாளுக்கு முன், அதாவது மார்ச் 4-இலிருந்து போடலாம். முதல் நாளே போட்டும் ஆகஸ்ட் 31-க்குள் அட்டை வராவிட்டால் செப்டம்பர் 1 காலை கம்பெனி உங்களை லாகின் செய்ய விடக்கூடாது. எச்-1பி என்றால், ஆகஸ்ட் 31 அன்றே மனு போய்ச் சேர்ந்தாலும் ரெசீட்டை வைத்துக்கொண்டு அடுத்த ஏப்ரல் 28 வரை வேலை பார்க்கலாம்.

*மறுப்பு.* ஐ-485தான் இந்த இ.ஏ.டி.யின் ஆணிவேர். அது போனால் அட்டையில் என்ன தேதி அச்சாகியிருந்தாலும் நிற்க இடமில்லை. நிலுவைக் காலத்தில் இங்கே தங்குவது அனுமதிக்கப்பட்டதே தவிர, அது எச்-1பி போன்ற ஒரு ஸ்டேட்டஸ் அல்ல. வேறு ஸ்டேட்டஸ் இல்லாதவருக்கு மறுப்புக்குப் பிறகு சட்டவிரோதத் தங்கல் நாட்கள் எண்ணப்படும். 180 நாளைத் தாண்டி வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடத்தைத் தொட்டால் பத்து வருடத் தடை. 2025 பிப்ரவரி இறுதியில் வந்த கொள்கைக் குறிப்பின்படி, ஸ்டேட்டஸ் இல்லாத நிலையில் விண்ணப்பம் மறுக்கப்படுபவருக்குக் குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லும் நோட்டீஸும் வரலாம்.

*வேலை.* இங்கே இ.ஏ.டி.தான் ராஜா. எந்தக் கம்பெனியிலும் சேரலாம். இரண்டு இடத்தில் வேலை செய்யலாம். சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ், ஸ்டார்ட்அப் எதுவும் செய்யலாம். வேலை போனாலும் 60 நாள் கடிகாரம் இல்லை. ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை இங்கே இருக்கலாம். ஆனால் சுதந்திரத்துக்கு ஒரு கயிறு உண்டு. கிரீன் கார்டு கொடுக்கும் நாளில், அதே அல்லது ஒத்த வகை வேலை உங்களுக்குக் காத்திருக்க வேண்டும். மென்பொருள் பொறியாளருக்காக ஐ-140 வாங்கிவிட்டு ஓட்டல் நடத்தலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். முடிவு வரும்போது மென்பொருள் வேலைக்கான ஆஃபர் கையில் இருக்க வேண்டும்.

*பயணம்.* எச்-1பி போனவருக்கு அட்வான்ஸ் பரோல் ஒன்றே வழி. அது ஒப்புதலாகிக் கையில் வருமுன் விமானம் ஏறினால் ஐ-485 கைவிட்டதாகிவிடும். அப்பா ஐ.சி.யு.வில் என்று நள்ளிரவு போன் வரும்போது இந்த விதி எவ்வளவு கொடியது என்று தெரியும். அவசர பரோல் கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் பரோல் கையில் இருப்பவருக்கு ஸ்டாம்பிங் தொல்லையே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தூதரகத் தேதிகள் இருக்கும் இருப்பில் இது சின்ன லாபம் இல்லை.

*குடும்பம்.* உங்கள் எச்-1பி போனால் வீட்டாரின் எச்-4-ம் போகும். எல்லோரும் ஐ-485-ஐ மட்டுமே நம்பி நிற்பார்கள். துணையின் எச்-4 இ.ஏ.டி.யும் அத்துடன் முடியும். பிள்ளைக்கு 21 வயது நெருங்கினால் விஷயம் வேறு. எச்-4 எப்படியும் 21-இல் நின்றுவிடும். அதற்குப் பிறகு பிள்ளையைக் காப்பாற்றுவது ஐ-485-ம், பிள்ளைகள் ஸ்டேட்டஸ் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கும் வயதுக் கழிவும்தான். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அந்த வயதை விசா புல்லட்டினின் இறுதி நடவடிக்கைத் தேதிப் பட்டியலை வைத்தே கணக்கிடுகிறார்கள். 19, 20 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கை வக்கீலோடு உட்கார்ந்து போடாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

*செலவு.* பார்க்கக் குறைவு, ஆனால் நம் பையிலிருந்து போகிறது. 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 போட்டவர்களுக்கு ஒவ்வொரு இ.ஏ.டி.க்கும் 260 டாலர், அட்வான்ஸ் பரோலுக்கு 630 டாலர், தலைக்கு. அதற்கு முன் கட்டணம் கட்டிப் போட்டவர்களுக்கு ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை புதுப்பிப்புகள் இலவசம். 2020 அக்டோபர் கூட்டத்தில் போட்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள்.

மறைந்திருக்கும் பெரிய செலவு வேறு: திரும்பிப் போகும் செலவு. இ.ஏ.டி.யில் வேறு கம்பெனிக்குப் போய் எச்-1பி ஸ்டேட்டஸை இழந்தவர், மறுபடி எச்-1பிக்கு வர நினைத்தால் ஆண்டு ஒதுக்கீட்டுக்கான லாட்டரியில் நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒதுக்கீட்டில் எண்ணப்பட்டவர். ஆனால் உள்ளே இருந்தபடி மாற முடியாமல், பொதுவாக வெளியே போய் விசாவோடு திரும்ப வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 21 முதல் அமலுக்கு வந்த, புது எச்-1பி மனுக்களுக்கான ஒரு லட்சம் டாலர் கட்டணம் இங்கேதான் குறுக்கே வருகிறது. உள்ளே இருந்து ஒழுங்காக நீட்டிப்பவர்களுக்கும் கம்பெனி மாறுபவர்களுக்கும் அது இல்லை. ஸ்டேட்டஸ் இல்லாததால் உள்ளே நீட்டிப்பு கிடைக்காதவருக்கு அது விழலாம். ஒரு லட்சம் கட்டி உங்களைத் திரும்ப எடுக்க எத்தனை கம்பெனி முன்வரும்? எச்-1பியை விடுவது, இன்றைய நிலையில், ஏறக்குறைய ஒருவழிப் பாதை.

வழி 3: எச்-1பியில் வேலை, இ.ஏ.டி. கையிருப்பில்

இ.ஏ.டி. அட்டை வாங்கியதாலேயே எச்-1பி போய்விடாது. அதை வைத்து வேலை செய்தால்தான் போகும். பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் அட்டைக்கு விண்ணப்பிக்கவே பயப்படுகிறார்கள்.

எச்-1பியில் வேலை செய்துகொண்டே இ.ஏ.டி.யும் அட்வான்ஸ் பரோலும் வாங்கி வைத்தால், திடீரென்று வேலை போனால் மறுநாளே வேறெங்கும் சேரலாம். ஸ்டாம்பிங் கிடைக்காவிட்டால் பரோலில் திரும்பலாம். பரோலில் நுழைந்தாலும், எச்-1பி ஒப்புதல் உயிரோடு இருந்தால் அதே கம்பெனியில் எச்-1பி அடிப்படையிலேயே வேலையைத் தொடரலாம். அடுத்த நீட்டிப்பு ஒப்புதலாகும்போது ஸ்டேட்டஸ் பழையபடி வந்துவிடும்.

செலவு இரட்டிப்பு என்பதுதான் குறை. பயன்படுத்தவே செய்யாத அட்டைக்கு 18 மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டுவது சிலருக்கு உறுத்தும். காப்பீட்டுப் பிரீமியமும் அப்படித்தானே.

இன்னொரு கண்ணி: பகலில் எச்-1பி வேலை, இரவில் இ.ஏ.டி.யை வைத்து ஒரு பக்க வேலை. இ.ஏ.டி. இருப்பதால் அந்தப் பக்க வேலை அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் அப்போது எச்-1பி ஸ்டேட்டஸைக் காக்கவில்லை என்று ஆகிவிடும் என்றே பல வக்கீல்கள் எச்சரிக்கிறார்கள். சில நூறு டாலர் கன்சல்டிங் வேலைக்காகப் பாதுகாப்பு வலையை அறுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

துணை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். எச்-4 இ.ஏ.டி. கிடைக்கிறதென்றால் ஐ-485 வழி இ.ஏ.டி.யைவிட அதில் வேலை செய்வது நல்லது: ஆயுள் நீளமாக இருக்க வாய்ப்பு, எச்-4 ஸ்டேட்டஸும் நிற்கும். தானியங்கி நீட்டிப்பு நீங்கியது மட்டும் இரண்டுக்கும் பொது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | எச்-1பி மட்டும் | இ.ஏ.டி. மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| ஒருமுறைக்கு எவ்வளவு காலம் | 3 வருடம்வரை. தேதி வந்தபின் 1 வருடம் | 18 மாதம்வரை | இரண்டும் தனித்தனியே |
| புதுப்பிப்பு தாமதமானால் | 240 நாள்வரை வேலை | வேலை நிற்கும் | எச்-1பி தாங்கும் |
| விரைவு வழி | பிரீமியம் உண்டு | இல்லை | எச்-1பிக்கு உண்டு |
| ஐ-485 மறுத்தால் | ஸ்டேட்டஸ் தொடரும் | ஸ்டேட்டஸ் இல்லை | எச்-1பி தொடரும் |
| வேலை போனால் | எச்-1பி ஸ்டேட்டஸ் 60 நாள்வரை | ஐ-485 நிலுவைவரை தங்கலாம் | இ.ஏ.டி.க்கு மாறலாம் |
| பக்க வேலை, சொந்தத் தொழில் | கூடாது | செய்யலாம் | செய்தால் எச்-1பிக்கு ஆபத்து |
| வெளிநாடு போய்வர | விசா ஸ்டாம்ப் | அட்வான்ஸ் பரோல் | இரண்டில் ஒன்று |
| யார் கட்டுவது | கம்பெனி | பெரும்பாலும் நாம் | இருவரும் |

வேலை மாற இ.ஏ.டி. வேண்டும் என்ற தவறான எண்ணம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐ-485 போட்டு 180 நாள் ஆனபின் ஒத்த வகை வேலைக்கு மாறினாலும் கிரீன் கார்டு விண்ணப்பம் உயிரோடு இருக்கும். சப்ளிமென்ட் ஜே என்ற படிவத்தில் புது வேலையைத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சலுகை ஐ-485-ஐச் சேர்ந்தது. புதுக் கம்பெனியில் எதை வைத்து வேலை செய்கிறீர்கள் என்பது தனிக் கேள்வி. எச்-1பி டிரான்ஸ்பர் செய்துகொண்டும் இதே சலுகையைப் பயன்படுத்தலாம். "கம்பெனி மாறணும்னா இ.ஏ.டி.தான்" என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு எச்-1பியை விட்டவர்கள் பலர்.

ஒப்புதலாகி 180 நாள் கடந்த ஐ-140-ஐப் பழைய கம்பெனி திரும்பப் பெற்றாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் அது ரத்தாகாது. ஐ-485 போட்டு 180 நாளும் ஆகியிருந்தால் கோபத்தில் இருக்கும் பழைய மேனேஜரால் உங்கள் விண்ணப்பத்தை ஒன்றும் செய்ய முடியாது.

யாருக்கு எது

*எச்-1பியும் கையிருப்பு இ.ஏ.டி.யும்:* இந்தியாவில் பிறந்து, தேதி பின்னோக்கிப் போகும் அபாயத்தில் இருப்பவர். எப்போதாவது ஸ்டேட்டஸில் சிக்கல் இருந்தவர். கம்பெனி நீட்டிக்கத் தயாராக உள்ளவர். பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தில்தான்.

*இ.ஏ.டி.:* லேஆஃப் ஆகி 60 நாளில் டிரான்ஸ்பர் போட ஆள் கிடைக்காதவர் தயங்கவே வேண்டாம். எல்-1பியில் ஐந்து வருடமோ எல்-1ஏயில் ஏழு வருடமோ முடிப்பவருக்கும் வேறு வழி இல்லை; எச்-1பியைப் போல அதை வரம்பு தாண்டி நீட்டிக்க முடியாது. எச்-1பியைக் காட்டி மிரட்டி, குறைந்த சம்பளத்தில் கசக்கிப் பிழியும் கன்சல்டன்சியில் இருப்பவருக்கும் இதையே சொல்வேன். ஆபத்து இருக்கிறது, ஆனால் அந்த ஆபத்தைவிட மோசமான வேலைகள் உண்டு. தேதி வந்து, நேர்காணலும் முடிந்து, தீர்ப்புக்கு மட்டும் காத்திருப்பவரும் எடுக்கலாம்.

*எச்-1பி மட்டும்:* இ.ஏ.டி. விண்ணப்பம் போட்டு இன்னும் வராதவர். அவ்வளவுதான். வேண்டுமென்றே வாங்காமல் இருக்கக் கட்டணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐ-140 ஒப்புதலாகியும் ஐ-485 போட முடியாமல் வெளியில் நிற்பவர்களுக்கு நெருக்கடிச் சூழலுக்கான ஒரு வருட இ.ஏ.டி. என்றும் ஒன்று இருக்கிறது. கடும் நோய், கம்பெனி பழிவாங்கல் போன்றவற்றுக்கு. அதை வைத்து வேலை செய்தால் எச்-1பி ஸ்டேட்டஸ் போய்விடும். பின்னால் நாட்டுக்குள்ளிருந்தே கிரீன் கார்டு வாங்குவதும் சிக்கலாகும். கடைசிக் கதவு அது.

ஐ-9 படிவத்தின் முன்

இவ்வளவு யோசித்த பிறகும் முடிவு பலருக்கு அறியாமலே நடந்துவிடுவது புதுக் கம்பெனியின் முதல் நாளில். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு "ஏதாவது ஒரு ஆவணம் காட்டுங்கள்" என்பார் எச்.ஆர். பர்ஸில் இ.ஏ.டி. அட்டை கைக்கு எட்டுவதாக இருக்கும்; பாஸ்போர்ட்டும் ஐ-94-ம் வீட்டில் இருக்கும். அட்டையை நீட்டினால் நீங்கள் இ.ஏ.டி.யில் சேர்ந்ததாகப் பதிவாகும். எச்-1பியில் தொடர நினைப்பவர், புதுக் கம்பெனி டிரான்ஸ்பர் மனு போட்டு ரெசீட் வந்ததை உறுதிசெய்துகொண்டு, பாஸ்போர்ட், ஐ-94, அந்த ரெசீட் மூன்றையும் எடுத்துப்போக வேண்டும். பழைய கம்பெனியிலேயே இருப்பவரும் கேட்டு வைக்கலாம்: "என் ஐ-9-இல் எந்த அடிப்படை பதிவாகியிருக்கிறது?"

ஏற்கெனவே இ.ஏ.டி.யில் மட்டும் இருப்பவர்கள் காலண்டரில் காலாவதிக்கு 180 நாள் முன்னால் குறித்துவைத்து, அன்றே புதுப்பிப்பைப் போடுங்கள். கடைசி இரண்டு மாதம் நெருங்கியும் அட்டை வராவிட்டால் வருமான இழப்பைக் காட்டி விரைவுபடுத்தக் கோரலாம். அதற்கு ஆதாரமாகக் கம்பெனியின் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கும் எழுதலாம். இந்த வேலைக்கென்றே அங்கே ஆள் இருப்பார், குடியுரிமை இல்லாதவர்களுக்கும் உதவுவார். சம்பளமில்லா விடுப்பாக வைத்து இடத்தைக் காப்பாற்ற முடியுமா என்று மேனேஜரிடம் பேசுவதையும் அந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள். அட்டை முடிந்த நாளுக்குப் பிறகு பேசினால் பல கம்பெனிகளின் பேரோல் அமைப்பு உங்களை அதற்குள் நீக்கியிருக்கும்.